ஐந்து வட்டத்திலும் நான்

8.7.82 வியாழன், ஆம்பூர்

சனிக்கிழமை ஆசிரியர் கூட்டத்தில் மாதிரிப் பாடம் நடத்துவது என் முறை. சுற்றுவட்டாரப் பள்ளி ஆசிரியர்கள் பின்னால் உட்கார்ந்து பார்ப்பார்கள். புது முறை இதுதான்: பிள்ளைகள் ஐந்து வட்டமாக உட்கார, ஒவ்வொரு வட்டத்திலும் ஒரு தலைவர் மற்றவர்களுக்குப் பின்னக் கணக்கு சொல்லித்தர வேண்டும். நான் வாயைத் திறக்கக் கூடாது. முடியுமா என்னால்? கூட வேலை பார்க்கும் வஹீதாவுக்கு ஒரே சிரிப்பு. "நீ பேசாம இருக்கறதப் பாக்கவே கூட்டம் வரும், விஜி."

10.7.82 சனி



பாடம் தொடங்கியதுமே தலைவி அம்சவேணி பக்கத்துப் பெண்ணின் காதைத் திருகினாள். "மண்டையில மூளை இருக்குதா, ஊறப்போட்ட தோலு இருக்குதா?" என் வார்த்தை. என் குரல். மூக்குக்கண்ணாடியைத் தள்ளிவிடும் என் விரல்கூட — அவளுக்குக் கண்ணாடியே கிடையாது! அவள் அப்பா டேனரியில் தோல் ஊறப்போடுகிறவர். மற்ற நாலு வட்டத்திலும் இதே கூத்து. ஐயோ, நான் இப்டியா இருக்கேன்?

"அஞ்சு வட்டத்துலயும் நீதான் உக்காந்திருந்தே" என்றாள் வஹீதா. இந்தத் தடவை சிரிக்கவில்லை.

தலைமையாசிரியர் வேதாசலம் எழுந்தார். "ஒழுங்குன்னா இதுதான். எல்லாரும் இப்படியே செய்ங்க." கைதட்டல் வேறு!

13.7.82

இன்று யார் காதையும் திருகவில்லை.

21.7.82 புதன்

பக்கத்துப் பள்ளி பூங்காவனம் டீச்சர் பஸ் ஸ்டாண்டில் பிடித்துக்கொண்டார். "உங்க முறையேதாம்மா. தலைவருங்களுக்கு ஆளுக்கொரு ஸ்கேல் குடுத்துட்டேன். சத்தம் ரொம்பக் கம்மி."

நான் திருகிய திருகு ஊர் ஊராய்ப் போகுதே! அடுத்த மாதக் கூட்டத்திலும் மாதிரிப் பாடத்தை நானே நடத்துகிறேன் என்று கேட்டு வாங்கினேன்.

7.8.82 சனி

இன்று அம்சவேணி வட்டத்தில் நானும் தரையில் உட்கார்ந்தேன், மாணவியாக. அரையும் மூன்றில் ஒன்றும் கூட்டினால் ஐந்தில் இரண்டு என்று வேண்டுமென்றே தப்பாகச் சொன்னேன். அவள் தயங்கினாள். "டீச்சர்னு பாக்காத. மத்தவங்களுக்குச் செய்றதையே செய்" என்றேன்.

திருகினாளே ஒரு திருகு! கண்ணில் நீர் வந்துவிட்டது.

"ஸ்ஸ்... வலிக்குதுடி!"

அவள் பயப்படவில்லை. அதிசயமாகப் பார்த்தாள். "உங்களுக்குமா டீச்சர் வலிக்கும்?"

பின்னால் உட்கார்ந்திருந்த ஆசிரியர்கள் எட்டிப் பார்த்தார்கள். அம்சவேணி என் காதைத் தடவிவிட்டாள். பிறகு சாக்பீஸால் தரையில் ஒரு ரொட்டி வரைந்தாள். "இருங்க, இத ஆறா வெட்டிப் பாக்கலாம்."

போகும்போது பூங்காவனம் டீச்சர் என் காதையே பார்த்துக்கொண்டு நின்றார். "ஸ்கேலையெல்லாம் திங்கக்கெழம திருப்பி வாங்கிடறேன்" என்றார்.

காது இன்னும் எரிகிறது.