ஜாபிரின் வானுக்கு மூன்று வரைபுகள்

9, செவ்வாய்

கச்சான் காற்று. தண்ணீர் மோட்டார் மறுபடி பழுது.

பள்ளிவாசல் நிருவாகம் ஒரு தாள் அனுப்பியது. மச்சான் றவூபின் மோட்டார் சைக்கிளில் மோதிய ஸ்கூல் வானின் ஜீ.பி.எஸ். பதிவு. நேர் ரோட்டில் கடந்த தூரம், மீற்றரில்: 0, 24, 48, 72, 87, 88, 88. வேகமாக வந்தானா என்று கணக்குச் சேர் நான் சொல்ல வேண்டுமாம்.

ஓட்டினவன் ஜாபிர். என்மீது கல்விக் கந்தோருக்கு எழுதிய பெட்டிசத்தில் முதல் கையெழுத்து அவனுடையது. அதனால் இடமாற்றப்பட்டு ஆறு வருடம் இறக்காமத்தில் கிடந்தேன்.

இடப்பெயர்ச்சி–நேர வரைபு கீறினேன். படித்திறன் 24, அதாவது செக்கனுக்கு 24 மீற்றர். மணிக்கு 86 கி.மீ. கடைத்தெருவில்! உடனே மனைவி பஸீனாவிடம் காட்டினேன்.

"அல்லாஹ்! எண்ட தம்பியக் கொல்லத்தான் வந்திரிக்கான்."

அவள் கையில் போன்.

10, புதன்

ஊரெல்லாம் எண்பத்தாறு. மீன் கடையில் ஒருவர்: "சேர் பாத்த கணக்கு, பிழைக்காது." மற்றவர்: "அப்ப அவன்ட ஓட்டம் முடிஞ்சி."

ஜா.வின் வானில் இன்று ஒரு பிள்ளையும் ஏறவில்லையாம். பகல் நல்ல நித்திரை.

11, வியாழன்

வேக–நேர வரைபு. 24இல் கிடையாக ஓடி, பிரேக் பிடித்த முதல் செக்கனிலேயே 6. அதிலிருந்து மூன்றாவது, ஆர்முடுகல்–நேர வரைபு: மறை 18. புவியீர்ப்பில் ஏறக்குறைய இரு மடங்கு. எந்த வான் அப்படி நிற்கும்?

தாளை மறுபடி பார்த்தேன். மேல் மூலையில், சின்ன எழுத்தில்: 2 செக்கனுக்கு ஒரு பதிவு.

நான் ஒன்று என்று எடுத்திருக்கிறேன். பார்க்கவே இல்லை. 86ஐக் கண்டதும் போதும் என்றாகிவிட்டது.

சரியான வேகம் 12. மணிக்கு 43. வேகம் குறையும் அமர்முடுகல் 4.5, ஒழுங்கான பிரேக். அப்படியென்றால் ஒழுங்கையிலிருந்து பார்க்காமல் ரோட்டில் ஏறியது றவூப்.

"கணக்குப் பிழைச்சிட்டு" என்றேன்.

"தாளக் கிழிச்சிப் போடுங்க" என்றாள் பஸீனா. "ஒங்களத் தவிர ஆருக்கு விளங்கும் இது?"

உண்மை. ஒருவருக்கும் விளங்காது. தாளை மடித்துப் பத்திரமாக வைத்தேன்.

12, வெள்ளி

கூடப் பிறந்த ராத்தா வீட்டிலிருந்து எழுதுகிறேன்.

ஜும்ஆவுக்குப் பிறகு நிருவாகம் கூடியது. திருத்திக் கீறிய மூன்று வரைபையும் மேசையில் விரித்தேன். "முதல் சொன்னது என்ட பிழை. நாற்பத்து மூண்டுதான்."

தலைவர்: "சேரும் பெயிலா?" எல்லாரும் சிரித்தார்கள். நாளையிலிருந்து ஜா. வான் ஓட்டலாம் என்று முடிவு.

றவூப், காலில் மாக்கட்டு: "நல்லாச் செஞ்சீங்க மச்சான்."

வெளியே ஜா. காத்து நின்றான். "வாங்க சேர், வீட்ட கொண்டு விடுறன்."

"தேவல்ல."

பெட்டிசத்தை மறக்கவில்லை. வெயிலில் நடந்தேன்.

வீட்டுக் கேற் உள்ளே பூட்டு. வெளியே ஒரு பையில் என் சேர்ட்டுகள், மடித்தபடி. வீடு பஸீனாவின் சீதனம்.