மாடி அறைக்கு மேலே போகும் கம்பி

நம் ஊர் கட்கியில் பேசிக்கொள்வதுபோல் நான் புதிய மின்பாதைக்கு எதிரி அல்ல. மின்வாரியப் பொறியாளரான உங்களோடு ஆயுளில் பாதியைக் கழித்தவளைப் பற்றி இப்படிச் சொல்கிறார்கள். உங்களிடமாவது இதைத் திருத்திச் சொல்ல வேண்டும்.

காலையிலிருந்து மழை. ஆனால் ஈரம் பட்டாலே இரையும், நம் வீட்டுக்கு மேலே போகும் கம்பி இன்று இரையவில்லை. பக்கத்தில் நடக்கும் வேலைக்காக மின்சாரத்தை நிறுத்தியிருக்கிறார்கள். கடைசி மாதங்களில் மாடி அறையில் படுத்தபடி, ஜன்னலைத் திறக்காமலே, அந்த இரைச்சலைக் கேட்டு, "மழை பிடிச்சிடுச்சு, துணிய எடு" என்பீர்கள். இன்று துணியெல்லாம் நனைந்துவிட்டது.

தொண்ணூறுகளில் நான் புத்தகம் படிப்பதற்கென்று நீங்கள் கட்டிய அறை அது. கூரையை இன்னும் கொஞ்சம் உயர்த்தலாம் என்றார் கொத்தனார். கம்பிக்கு இடைவெளி வேண்டும் என்று மறுத்துவிட்டீர்கள். நிலைப்படியில் தலை இடிக்கிறதே என்றேன். "கான்வென்ட்டம்மா கொஞ்சம் குனிஞ்சு போகலாம். கரன்ட் குனியாது" என்று கான்வென்ட்டில் படித்த என்னைக் கேலி செய்தீர்கள்.

இப்போது ஊர் பெருத்துவிட்டது. வாகட் பக்கம் வயலெல்லாம் அடுக்குமாடி. பழைய கம்பி தாங்காமல் தினமும் மின்வெட்டு. அதிக அழுத்தத்தில் புதிய பாதை போடுகிறார்கள். இருபுறமும் கோபுரங்கள் எழும்பிவிட்டன. நம் வீட்டுக்கு மேலே மட்டும் வேலை நிற்கிறது. அழுத்தம் கூடினால் இடைவெளியும் கூட வேண்டுமாம். மாடி அறை அதற்குள் வருகிறது. இடிக்கச் சம்மதம் என்று நான் கையெழுத்திட வேண்டும்.

"எம் பொண்ணு மெழுகுவத்தியில பத்தாவது படிக்குது. இந்தம்மாவுக்கு ரூம்தான் பெரிசு!" என்று எதிர்வீட்டுக்காரி என் காதில் விழும்படியே சொல்கிறாள்.

வாகட்டிலிருந்து நம் மகன் போன் செய்கிறான். "சைன் பண்ணிட்டு இங்க வந்துடும்மா. லிஃப்ட் இருக்கு, ஜெனரேட்டர் இருக்கு."

"அப்பா இருந்த ரூம் இருக்கா?" என்றேன். போனை மருமகளிடம் கொடுத்துவிட்டான்.

புதிய பொறியாளர் மரியாதையானவர். என்னை 'ஆஜி' என்கிறார். பாட்டியாம், சரி, போகட்டும். என் எதிரிலேயே மறுபடி அளக்கச் சொன்னேன். எங்காவது ஒரு பிழை அகப்படாதா என்று கூடவே நின்று பார்த்தேன். அகப்படவில்லை. நீங்கள் அளந்திருந்தாலும் அதே அளவுதான் வந்திருக்கும்.

வீட்டில் ஃப்யூஸ் போனாலும் உங்கள் ஆபீஸ் வழக்கப்படி 'லைன் கிளியர்' சீட்டு வேண்டும். "மெயின் அணைச்சாச்சு" என்று நான் சொன்னால் போதாது. ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு, "எழுதிக் குடு" என்பீர்கள். 'மெயினை அணைத்துவிட்டேன்' என்று எழுதிக் கையெழுத்திட்டால்தான் ஏறுவீர்கள். சமையல் பாதியில் நிற்கும், எனக்குக் கோபம் வரும். "பேச்ச நம்பி யாரும் கம்பியில கை வைக்கக்கூடாது" என்பீர்கள். அந்தப் பழக்கம் இன்று என்னிடம்தான் இருக்கிறது. பால்காரன் நாளைக்கு வரமாட்டேன் என்றால்கூட எழுதி வாங்குகிறேன்.

சம்மதத்தாள் மேசையில் இருக்கிறது. நீங்கள் இருந்தால் என்ன சொல்வீர்கள் என்று ஆளாளுக்கு எனக்குச் சொல்கிறார்கள். அதெல்லாம் வாய்ப்பேச்சு. அறையை இடிக்கலாமா, கூடாதா? ஒரு வரி போதும். உங்கள் கையெழுத்தோடு எனக்கு எழுதி அனுப்புங்கள்.