நாரைத் தோட்டத்தில் வெடித்த சரம்

எம். புதுப்பட்டி
11-2-1963

அன்பு மகன் சுந்தரபாண்டிக்கு அம்மா எழுதுவது. மாரியம்மன் புண்ணியத்தில் நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் கல்கத்தாவில் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருப்பாய் என்று நம்புகிறேன். உடம்புதான் நன்றாக இருக்கிறதே ஒழிய மனசு ஒரு இடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது. உலையை வைத்துவிட்டு வாசலுக்கு வருகிறேன், வாசலில் நின்றால் உலை ஞாபகம் வருகிறது. காரணத்தைச் சொல்கிறேன், பதறாமல் படி.

போன லீவில் வந்தபோது, பறவைகளைப் பற்றிப் புத்தகம் எழுதின சோலைச்சாமி வாத்தியார் வீட்டையும் தோட்டத்தையும் பார்க்க வேண்டும் என்று காரியாபட்டிப் பக்கம் போய், வீட்டோடு அவர் பேத்தி முத்துப்பேச்சியையும் பார்த்துவிட்டு வந்தவன்தானே நீ. கட்டினால் அவளைத்தான் என்று எழுதினாய். சரி, நம்ம வகையறாதான், வாத்தியார் செத்து எத்தனையோ வருஷம் ஆகியும் ஊர் ஊராக ஆட்கள் வந்து பார்க்கிற வீடு, நமக்கும் பெருமைதானே என்று நானும் அப்பாவும் என் தம்பி பெத்தணனும் முந்தின வெள்ளிக்கிழமை பெண் கேட்கப் போனோம். சுற்றிலும் கரிசலும் உடைமரமுமாகக் கிடக்க, அந்த வேலிக்குள்ளே மட்டும் மருதமும் இலுப்பையும் புளியுமாக அடைத்துக்கொண்டு நிற்கிறது. உன் அப்பாவே துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, ஆத்தாடி எம்புட்டு நிழலு என்றார். வாத்தியார் உட்கார்ந்து எழுதின மேசை சன்னலோரம் அப்படியே இருக்கிறது, சன்னலுக்கு ஒரு பக்கக் கதவு கிடையாது. குருவி கூடு கட்டியிருக்கிறது என்று அவரே கழற்றி வைத்தாராம், இன்னும் மாட்டவில்லை. மரத்துக்கு மரம் நாரைக் கூடு. ஒவ்வொன்றையும் முத்துப்பேச்சிதான் காட்டிச் சொன்னாள். எனக்கு அவளை ரொம்பப் பிடித்துவிட்டது, கூச்சமும் இல்லை, வாய்த்துடுக்கும் இல்லை.

பேச்சு நல்லபடி முடிந்து வெற்றிலைத் தட்டு கை மாறியது. அந்த நேரம் பார்த்து என் தம்பி என்ன செய்தான் தெரியுமா? வெற்றிலை மாற்றினதும் வாசலில் ஒரு சரம் கொளுத்துவது நம்ம பக்கத்து வழக்கம் அல்லவா, அதற்கென்று நம்ம வெடிக் கம்பெனிச் சரத்தைப் பையில் மறைத்துக்கொண்டு வந்திருக்கிறான் பாவி. படபடவென்று வெடித்ததும் தோட்டத்து நாரை அத்தனையும் ஒரே கூச்சலாக எழும்பி, கூட்டிலிருந்து குஞ்சுகள் பொத்துப் பொத்தென்று கீழே விழுந்தன. முத்துப்பேச்சி பட்டுச்சேலையோடு ஓடிப் போய் முந்தியில் பொறுக்கினாள். அவள் அப்பா எங்கள் முகத்தைக்கூடப் பார்க்காமல், நல்லது, போயிட்டு வாங்க, சொல்லி அனுப்புறோம் என்றார். எனக்கு அப்படியே பூமிக்குள் போய்விடலாம் போல் இருந்தது. பஸ்ஸில் வரும்போது உன் அப்பா, வெடிக்காரன் வீட்டுச் சம்பந்தத்துக்கு வெடி போடாம, கொட்டாங்கச்சியையா தட்டுவாக என்று என் மேலேயே பாய்கிறார்.

அதற்கப்புறம் ஒரு தகவலும் இல்லை. கம்பெனியில் சாம்பிள் வெடி போட்டால்கூடக் காதைப் பொத்திக்கொள்கிறேன். பொறுக்க முடியாமல் நேற்று, விருதுநகருக்கு ஜவுளி எடுக்கப் போகிறேன் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு, நான் மட்டும் பஸ் ஏறி அங்கே போய்விட்டேன். முத்துப்பேச்சி பனையோலைக் கடகாப்பெட்டியில் ஒரு நாரைக்குஞ்சை வைத்துக்கொண்டு அயிரை மீன் ஊட்டிக்கொண்டிருந்தாள். விழுந்ததில் அது ஒன்றுதான் பிழைத்ததாம். வாங்க என்று சொல்லவில்லை, ஆனால் மணையை எடுத்துப் போட்டாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து மீனைக் கழுவிக் கழுவிக் கொடுத்தேன். கடைசியில் அவளாகத்தான் பேசினாள். அத்தை, உங்க மகனைக் கட்ட எனக்குச் சம்மதம்தான், ஆனா கல்யாணம் இங்கன தாத்தா தோட்டத்துலதான் நடக்கணும், ஒத்த வெடிச் சத்தம் கேக்கக் கூடாது, இந்தக் குஞ்சு பறந்து போன பெறகுதான் முகூர்த்தம் என்றாள். அத்தை என்று கூப்பிட்டாளே, அந்த வேகத்தில் அவள் கையில் அடித்துச் சத்தியம் பண்ணிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

இப்போது என் பாடு திண்டாட்டம். உன் அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது. உன் கல்யாணத்துக்கென்று தனியாக ஒரு லோடு வெடி கட்டி வைத்திருக்கிறார், திருத்தங்கல் வரைக்கும் சத்தம் கேட்கணும் என்று போகிறவர் வருகிறவரிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். வெடி இல்லாத கல்யாணம் என்றால், சிவகாசியே சிரிக்கும், நான் கம்பெனியை மூடிட்டுப் போறேன் என்று குதிப்பார். எனக்குப் பயமாக இருக்கிறது, ஆனால் அந்தப் பிள்ளையை விட்டுவிட எனக்கு மனசு வரவில்லை ராசா. அதனால் நீதான் அவருக்குத் தனியாக எழுத வேண்டும். நான் சொன்னதாக ஒரு எழுத்து வரக் கூடாது. கல்யாணம் தோட்டத்தில், வெடி வேண்டாம் என்பதெல்லாம் உன் சொந்த யோசனையாகவே இருக்கட்டும். முதலில் ஏசுவார், அப்புறம் உன் கடிதத்தையே திரும்பத் திரும்ப எடுத்துப் படிப்பார், அவரை எனக்குத் தெரியும்.

குளிருக்குக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு தூங்கு, எண்ணெய் தேய்த்துக் குளி. நீயும் உன்னைக் கட்டிக்கொள்ளப் போகிறவளும் குறைவில்லாமல் வாழக் குலசாமி துணை இருக்கட்டும். அப்பாவுக்கு எழுதுவதை மட்டும் தள்ளிப் போடாதே. நான் பார்த்தபோதே குஞ்சுக்கு இறகு முளைத்துவிட்டது.

இப்படிக்கு உன் அம்மா,
வீரலட்சுமி