திருவிழாவுக்கு முந்தின சாயங்காலம்

செப்டம்பர் 6, சனி

காலை டூட்டி முடிந்து, ஆஸ்பத்திரி யூனிஃபார்மோடு அல்சூருக்கு ஓடினேன், ஜெர்மன் வகுப்புக்கு. இன்றைய சொல் ஃபையராபென்ட். வேலை முடிந்த பிறகு வரும் பொழுது.

"யசோதா, ஃபையராபென்ட்ல நீங்க என்ன பண்ணுவீங்க?" என்றார் வீணா மேடம்.

தெரிந்த ஜெர்மனில் கடகடவென்று சொன்னேன்: குழாயில் தண்ணீர் வரும், டிரம் நிரப்புவேன், சோறு வடிப்பேன், துணி துவைப்பேன்.

"அதெல்லாம் வேலைங்க. வேலை முடிஞ்ச அப்புறம்?"

"தூங்குவேன்."

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். பஸ்ஸில்தான் சுருக்கென்றது.

செப்டம்பர் 9, செவ்வாய்

மேடம் இன்று அந்தச் சொல்லைப் பிரித்துக் காட்டினார். ஃபையர் என்றால் விழா, ஆபென்ட் என்றால் சாயங்காலம். பழைய நாளில் திருவிழாவுக்கு முந்தின சாயங்காலத்துக்கு மட்டும்தான் அந்தப் பெயராம். பிறகு கைத்தொழில்காரர்கள் வாயில் புழங்கிப் புழங்கி, வேலை முடிகிற எல்லாச் சாயங்காலத்துக்கும் ஆகிவிட்டதாம்.

தினமுமா! அடேயப்பா.

திரும்பும்போது ஏரி ஓரம் பஸ் ஊர்ந்தது; கண்ணை மூடினேன். ஏதோ ஊரில், ஏதோ ஜன்னலருகே நான் சும்மா உட்கார்ந்திருந்தேன். கை இரண்டும் மடியில். வெளிச்சம் போகவே மாட்டேன் என்கிறது. கண்டக்டர் "நீலசந்திரா!" என்று எங்கள் ஸ்டாப்பைக் கத்தினார் — ச்சே.

செப்டம்பர் 14, ஞாயிறு

மறுபடி வீட்டுக்காரரிடம் கேட்டேன். ஜெர்மன் பரீட்சை பாஸானால் ஜெர்மனியில் நர்ஸ் வேலை. பின்னாலேயே நீங்களும் வந்துவிடலாம், என்ன சொல்றீங்க? பிரகாஷ் டாக்ஸி சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

சரின்னாவது சொல்லணும், வேணாம்னாவது சொல்லணும். ஊமைக் கோட்டான் மாதிரி இருந்தா நான் என்னத்தப் பண்றது? இவர விட்டுட்டு நான் போவேனா? மாட்டேன். அது அவருக்கும் தெரியும்.

செப்டம்பர் 26, வெள்ளி

பாஸ்! வேலைக்கு வருகிறேனா என்று அடுத்த மாதம் பத்தாம் தேதிக்குள் ஜெர்மனி ஆஸ்பத்திரிக்குப் பதில் சொல்ல வேண்டும். அவரிடம் சொன்னேன். "ஓ" என்றார். அவ்வளவுதான்.

செப்டம்பர் 30, செவ்வாய்

நாளை ஆயுத பூஜை. வருஷத்தில் இன்றைக்கு ஒரு நாள்தான் நாலு மணிக்கே வண்டியை நிறுத்துவார். அவர் காரைக் கழுவ, நான் துடைத்தேன். சாமந்தி மாலை, குங்குமம், பூசணிக்காய் எல்லாம் எடுத்து வைத்தாயிற்று. செய்ய ஒன்றும் பாக்கியில்லை. மாடிப்படியில் உட்கார்ந்தோம்.

அந்தச் சொல் முதலில் குறித்தது இந்த மாதிரிப் பொழுதைத்தானே என்று தோன்றியது. அதன் கதையை அவரிடம் சொன்னேன். சும்மாதான் சொன்னேன். பதிலை எதிர்பார்க்கவில்லை.

ஈரத் துணியைப் பிழிந்து கைப்பிடியில் காயப் போட்டார்.

"அந்த ஊர்ல டிரைவருக்கும் இது உண்டா?"

"எது?"

"இந்த மாதிரி சாயங்காலம். தினமும்."

எனக்கென்ன தெரியும்? இருக்கும் என்றேன்.

"அந்தச் சொல்ல இன்னொரு தடவ மெதுவா சொல்லு. வாயில நுழைய மாட்டேங்குது" என்றார்.