வாய் மேலே இருக்கிறது

11.9.2003, வியாழன்

காலை, கல்லூரி விலங்கியல் ஆய்வகம். கனகசெட்டிக்குளம் மீனவர் வலையில் சிக்கிய, நட்சத்திர மீனுக்கு உறவான இறகு நட்சத்திரத்தை ரோசா அறுத்துக் காட்டினார். பதினான்கு வருஷமாகத் தினக்கூலி உதவியாளர். இந்த மாதம்தான் நிரந்தரப் பட்டியலில் பெயர் வந்திருக்கிறது.

பத்துக் கைகள், ஒவ்வொன்றும் இறகு போல. நடுவே கட்டைவிரல் நகம் அளவுக்கு உடல். வாய் மேல்பக்கம். அதே பக்கத்தில் சிறு குழாயாக எழும்பி நிற்பது மலத்துளை. குடல் உள்ளே ஒரு சுற்றுச் சுற்றி மேலேயே திரும்பி வருகிறது. முட்டைகள் வயிற்றில் இல்லை, கைகளின் சிற்றிறகுகளில். அடியில் உள்ள கொக்கிகளால் பாறையைப் பிடித்துக்கொண்டு, மிதந்து வருவதைக் கைகளால் ஏந்தித் தின்கிறது.

"வாயும் அதுவும் பக்கத்துப் பக்கத்துலயா?" என்றேன்.

"ஆமா சார். நீங்க பேட்டி எடுக்குற சில பேரு மாதிரி."

14.9, ஞாயிறு

என் கட்டுரை எங்கள் பேப்பரின் ஞாயிறு இணைப்பில் வந்துவிட்டது. "வாய் கீழ்ப்பக்கம், மலத்துளை மேல்பக்கம்" என்று. நான் எழுதியது அதுவா? எவன் கை வெச்சது? வாய் கீழே இருந்தால் அது பாறையைத்தான் நக்க வேண்டும். அதிலும் "ரோசா கூறியதாவது" என்று அவர் பெயரிலேயே.

15.9, திங்கள்

ரோசா போன் செய்தார். துறைத்தலைவர் விஜயராகவன் எல்லார் முன்னாலும் பேப்பரை வீசினாராம். "சென்னைலேர்ந்து போன் பண்ணி சிரிக்கிறாங்க. வாய் எங்க இருக்குன்னு தெரியாதவளுக்கு லேப்ல என்ன வேலை? போய் பாட்டில் கழுவு." வெள்ளிக்கிழமை கல்லூரி முதல்வர் பட்டியலில் கையெழுத்துப் போடுகிறார். ரோசாவின் பெயரை அடிக்கச் சொல்லியிருக்கிறாராம் விஜயராகவன்.

"நான் சரியாதான சார் சொன்னேன்?"

பதினாலு வருஷம் அவ அறுத்துக் குடுத்ததக் காட்டித்தான இந்த ஆளு பாடம் நடத்துறாரு?

16.9, செவ்வாய்

பத்திரிகை ஆசிரியர் கோபிநாத்திடம் திருத்தம் போடச் சொன்னேன். சிரித்தார்.

"யோவ், அது எதால தின்னா உனக்கென்ன? அந்த மீனா வந்து கேஸ் போடப் போவுது?"

"அது மீன் இல்ல. ஒரு பொம்பளையோட வேல போவுது."

"திருத்தம் போட்டா பேப்பர் மானம் போவும்."

மானம்! முப்பத்தோரு வருஷமாக இங்கே இருக்கிறேன். அதை ஒரு நாளும் பார்த்ததில்லை.

17.9, புதன்

விஜயராகவன்: "பேப்பர் தப்புன்னா எழுத்துல கொண்டாங்க." சொல்லிவிட்டு ஃபைலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

18.9, வியாழன்

மாற்றியது லூயிஸ். எங்கள் பிழைதிருத்துநர், ஓய்வுக்கு இரண்டு மாதம்; 'சார்' என்பதைப் பிரெஞ்சில் 'மெசியே' என்பவர். அவர் மேசையைத் தட்டிக் கத்தினேன். ஆபீஸே திரும்பிப் பார்த்தது.

"நட்சத்திர மீனுக்கு வாய் கீழதான, மெசியே? ஸ்கூல்ல படிச்சது. இதுவும் அதுக்கு ஒறவுன்னு நீங்கதான எழுதியிருந்தீங்க. அவசரத்துல மாத்திப் போட்டுட்டீங்கன்னு நெனச்சேன்."

"என்ன ஒரு வார்த்த கேக்க மாட்டியாய்யா?"

லூயிஸ் பீரோவைத் திறந்து ப்ரூஃபை எடுத்து என் முன் விரித்தார். சிவப்பு மையில் அவர் திருத்தம். ஓரத்தில் ஒரு கேள்விக்குறி. அதை ஒட்டி — என் சுருக்கொப்பம்.

கேட்டிருக்கிறார். படிக்காமலே போட்டிருக்கிறேன். டீக்கு எழுந்துகொண்டே.

நாலு நாளா யாரத் திட்டிக்கிட்டு இருந்தேன்?

19.9, வெள்ளி

பத்து மணிக்கே முதல்வர் அறை. ப்ரூஃபைக் கொடுத்தேன், கூடவே ஒரு கடிதம்: "ரோசா சொன்னது சரி. ஒப்புதல் கொடுத்தது நான். தவறு என்னுடையது." நகலை விஜயராகவன் கையிலேயே கொடுத்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

மாலை கோபிநாத்: "ஆபீஸ் காகிதத்த வெளிய குடுத்தியா?"

"குடுத்தேன்."

26.9, வெள்ளி

ரோசா போன். "பட்டியல்ல பேரு வந்துடுச்சு சார்." கூடவே, "பாட்டில் கழுவுறதுதான் இன்னும் நிக்கல."

என்னை மரண அறிவிப்புப் பக்கத்துக்கு மாற்றிவிட்டார்கள். லூயிஸ் ப்ரூஃபோடு வந்து நின்றார்.

"கையெழுத்து, மெசியே."

"உக்காருங்க" என்றேன். பதினேழு பெயர்கள். ஒவ்வொன்றையும் வாய்விட்டுப் படித்தேன்.