ஓப்பராவுக்கும் ஒப்பாரிக்கும் நடுவில் ஒரு பஸ் டிக்கெட்

என் கலா அக்காவுக்கு,

உன் சீப்புக்கும் சைக்கிளுக்கும் ஜன்னலோரக் கட்டிலுக்கும் இப்போதைய பொறுப்பாளன் எழுதிக்கொள்வது.

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால், மூன்று வாரமாகத் தலைமறைவாக இருந்த உன் பச்சைச் சீப்பு, இன்று காலை என் தலையிலேயே பிடிபட்டது. அம்மா திட்டவில்லை. "வகுடு கோணலா இருக்குது சாமி" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அடுத்த செய்தி. சித்தூர் காலேஜில் உன்னோடு படித்த ரேஷ்மா சேச்சி நேற்று நம்ம ஊட்டுக்கு வந்தார். உனக்கு இரவல் கொடுத்த இங்கிலீஷ் நாவலைத் திருப்பிக் கேட்டார். அதுதான், சூனியக்காரிகள் ஓப்பரா பார்க்கப் போவார்களே, அது.

அந்தப் புத்தகத்தைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். உன்னைச் சிரிக்கவைக்க நான் என்ன பாடுபட்டேன்! உன் டிபன் டப்பாவில் பிளாஸ்டிக் தவளை வைத்தேன். உன் வலது கால் செருப்பை மட்டும் ஒளித்து வைத்தேன். "போடா எருமை"தான் கிடைத்தது. அதுவோ சும்மா மடியில் கிடந்தே உன்னைக் குலுங்கவைத்தது. சிரித்த இடமெல்லாம் பென்சிலில் ஒரு டிக் வேறு. பத்து வருஷப் படிப்பில் எனக்கு எந்த டீச்சரும் அத்தனை டிக் போட்டதில்லை.

எனக்கு ஒரே ஒரு வெற்றிதான்.

"ஓப்பரான்னா என்னக்கா?"

"பாடிக்கிட்டே நடிக்கறதுடா. கடைசீல கதாநாயகி அரை மணி நேரம் பாடிட்டுத்தான் சாவா."

"அப்ப ஒப்பாரின்னு சொல்லு. எழுத்துப்பிழை உட்டுட்டாங்க."

"ஏண்டா, ஒப்பாரி மத்தவங்கல்லடா பாடுவாங்க?"

"ஆளு கிடைக்கல போல. அவளே பாடிக்கறா."

சோறு புரையேறி, கண்ணில் தண்ணி வரச் சிரித்தாய். அதற்கு எங்காவது டிக் போட்டாயா?

அந்தக் குண்டுச் சூனியக்காரி பொறுக்கமாட்டாமல் மேடையேறி, பாடிக்கொண்டே சாகிறவளின் மூக்கைப் பிடித்துக் கஷாயம் ஊற்றிவிடுகிறாள் என்றாய். செத்திருக்க வேண்டியவள் எழுந்து உட்கார்ந்துவிட, வாத்தியக்காரர்கள் முழிக்கிறார்கள். அப்புறம்? "அங்கதாண்டா நிக்கறேன். ஆஸ்பத்திரீல படிச்சுட்டு வந்து சொல்றேன்" என்று அந்தப் பக்கத்தில் அடையாளத்துக்கு ஒரு பஸ் டிக்கெட்டைச் சொருகினாய்.

புத்தகம் மட்டும் வந்தது. துண்டோடும் பிளாஸ்க்கோடும், அதே பக்கத்தில் அதே பொள்ளாச்சி பஸ் டிக்கெட்டோடும்.

பெரியம்மாக்கள் உன்னைச் சுற்றி உட்கார்ந்து பாட ஆரம்பித்தபோது, 'ஆளு கிடைச்சுட்டாங்கக்கா' என்று தோன்றியது. சிரித்துவிட்டேன். சித்தப்பா முதுகில் ஒன்று வைத்தார். நீயாக இருந்தால் சிரித்திருப்பாய்தானே? ஏனக்கா, மூக்கைப் பிடித்துக் கஷாயம் ஊற்ற நமக்கு மட்டும் ஏன் ஒருத்தியும் வரவில்லை?

ரேஷ்மா சேச்சிக்கு முடிவு தெரியும். அதுதான் இன்னும் எரிகிறது. உனக்கே தெரியாதது அவருக்கு எதற்கு?

"பூபதி, நீ அது வாயிச்சோ?" என்று கேட்டார்.

"ரெண்டே நாள்ல படிச்சு முடிச்சுட்டேன் சேச்சி. சிரிப்பே வரல."

"கடைசிப் பாட்டு எப்படி?"

"சுமார்தான்."

"கடைசீல பாட்டே இல்லல்லோடா."

நான் சீப்பை எடுத்து வகிடு திருத்தினேன். சேச்சி அந்தச் சீப்பையே கொஞ்ச நேரம் பார்த்தார். "ஓணத்துக்கு வந்து வாங்கிக்காம்" என்று எழுந்துவிட்டார்.

உன்னிடம் மட்டும் சொல்கிறேன். இரண்டு நாள் என்பதெல்லாம் புளுகு. ஒரு பக்கத்துக்கு நாலு தடவை டிக்ஷனரி புரட்டுகிறேன். நீ எதற்குச் சிரித்தாய் என்று புரிய எனக்கு அரை மணி நேரம் ஆகிறது. புரிந்ததும் சிரிப்பு வந்துவிடுகிறது. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் உன் டிக் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் என் டிக்கும் இருக்கிறது. டிக்கெட் வரைக்கும் வந்து நாலு நாள் ஆச்சு. அடுத்த பக்கத்தில் உன் டிக் இருக்காது. திருப்பக் கை வரவில்லை.

ஓணத்துக்குள் திருப்புகிறேன். உன் கட்டிலில் உட்கார்ந்து, தப்புத் தப்பான இங்கிலீஷில் உரக்கப் படித்துச் சொல்கிறேன். சத்தியம்.

உன்னை இதுவரை ஒரு பக்கம்கூடத் தாண்டாத தம்பி,
பூபதி