வெறுங்குடம் சுமக்க நாணியவன் விடுத்த ஓலை

ஊற்றுக்கண் தூராதிருக்க, உண்ணும் நீர் இனித்திருக்க. வரைக்காட்டின் அடிவாரம் ஆளும் கல்மேட்டு நாட்டுக் கோ, நிறைகுடக் கொடியோன் வெண்ணெறியன், வரையாறு பாயும் தாழ்நீர் நாட்டின் பட்டத்தரசியாரும் எம்முடன் பிறந்த மூத்தவருமாகிய அல்லியங்கோதையாரின் திருவடி பணிந்து விடுக்கும் ஓலை. தங்கள் கொற்றவர் கடலேறனாரும், மகன் ஏறனும், மகள் குவளையும், குடிகளும் கால்நடைகளும் நலமே வாழ்க. வாழ்க என்று எழுதவே கை கூசுகிறது. அவர்களை இல்லாமற் செய்தவன் யானே. இனி இவ்வோலையில் யாம் என்னும் அரசமொழி வேண்டா, நான் என்றே எழுதுகிறேன்.

என் நாட்டில் மழை பொய்த்து ஏரிகள் வெடித்துக் கிடந்தன. நீர் வேண்டும் நாட்டின் அரசன் முடி களைந்து, வெறுங்குடத்தைத் தலையில் ஏந்தி, நடந்து சென்று அண்டை அரசின் வாசலில் நிற்பதும், அவன் வாய் திறக்குமுன்னே அவர்கள் கால்வாய் வெட்டித் தருவதும் நம் இரு நாட்டு வழக்கம். அக்காள் வீட்டு வாசல்தானே, இதில் என்ன வெட்கம் என்று அமைச்சர் சாத்தங்குமரனார் மன்றாடினார். நாக்கு வறண்டு செத்தாலும் சாவேனேயன்றிக் குடம் தூக்கேன் என்று நான் வீம்பு பேசினேன். செத்தவர்களோ என் குடிகள்.

அப்போது அப்பாலோர் எனப்படுவோர் என் அவைக்கு வந்தனர். நீளம், அகலம், உயரம் என்று நாம் அறிந்த மூன்றிற்கும் மேலாக வேறொரு பக்கத்தில் வாழ்பவர் அவர். வரப்பில் நடப்பவனுக்கு அடுத்த பாத்தியே தெரியும், மேட்டில் நிற்பவனுக்கு வயல் முழுதும் தெரியும். அவ்வாறே சென்றதும் வருவதும் தமக்கு ஒருங்கே தெரியும் என்றும், வேண்டிய காலத்தில் இறங்கிக் கை வைக்க வல்லோம் என்றும், ஆயினும் மனிதர் கேளாமல் ஒரு கல்லையும் அசைப்பதில்லை என்றும் உரைத்தனர். ஆற்றை என் நாட்டுப் பக்கம் திருப்பித் தருமாறு நான் கேட்டேன். நம் பாட்டனாரின் தந்தை காலத்தில், ஆறு பிரியும் கவையில் கிடந்த ஒரு பாறையை அவர்கள் நகர்த்தி வைத்தனர்.

மறுநாள் விடிந்தபோது வரையாறு என்றுமே என் நாட்டில்தான் பாய்ந்திருந்தது. தாழ்நீர் நாடு என்று ஒன்று இருந்ததை என்னையன்றி எவரும் அறியார். சென்று பார்த்தேன், உப்பு பூத்த வெளியில் ஊரும் இல்லை, கோட்டையும் இல்லை. தாங்களோ மணமாகாதவராய் என் அரண்மனையிலேயே இருக்கிறீர்கள். உண்ணும்போது சோற்றை நன்றாகப் பிசைந்து, ஊதி ஆற்றி, சிறு கவளமாக உருட்டிப் பக்கத்தில் நீட்டுகிறீர்கள். அங்கே எவரும் இல்லை. ஏன் இப்படிச் செய்கிறேன் என்று எனக்கே தெரியவில்லையே தம்பி என்று கூறி, நாணத்தோடு அதைத் தாங்களே உண்கிறீர்கள். நாண வேண்டியவன் எதிரே அமர்ந்து உண்டுகொண்டிருக்கிறேன்.

பாறையைப் பழைய இடத்தில் வைக்குமாறு அப்பாலோரை வேண்டினேன். வைப்போம், ஆனால் உன் நினைவும் அழியும், மீண்டும் வறட்சி வரும், மீண்டும் நாணி எம்மையே அழைப்பாய், அதுவும் எமக்குத் தெரிகிறது என்று நகைத்தனர். உலக வரலாற்றை இவர்கள் இப்படித்தான் திருப்புகிறார்கள் போலும். படை வேண்டா, என் போன்ற ஒருவனின் வீம்பு போதும். ஆகவே மற்றொன்றும் கேட்டேன்: மீண்டு வரும் காலத்தில் இவ்வோலையைத் தங்கள் கையில் சேர்க்க வேண்டும் என்று. கேட்டதை மறுப்பது அவர் வழக்கமன்று, இசைந்தனர்; ஆயினும் இம்முறை நகைக்கவில்லை.

தங்கள் நாட்டில் ஆணையிட எனக்கு உரிமை இல்லை; ஆணையிடத் தக்கது என் நாடே. ஆகவே இது, இவ்வோலையைக் காணும் என் வாயிற்காவலருக்கு என் ஆணை: தாழ்நீர் அரசியார் வெறுங்குடத்தோடு வந்தால் தடுக்காதீர். அக்கையே, நான் வருவேன் என்று காத்திராதீர்கள், வரமாட்டேன். என் நாட்டில் வறட்சி கண்டதும் தாங்களே வந்து, அவையோர் காண அக்குடத்தை என் தலையில் ஏற்றி, கையைப் பிடித்துத் தங்கள் வாசல் வரை நடத்திச் செல்லுங்கள். நான் சினந்து கத்துவேன், இவ்வோலையை எழுதவே இல்லை என்பேன், பொருட்படுத்தாதீர்கள்.

நிறைகுட முத்திரையை இதில் பதிக்கும் தகுதி எனக்கில்லை, வெறும் விரல் பதித்தேன். பாறை நாளை நகரும். இன்று உணவின்போது தாங்கள் பக்கத்தில் நீட்டிய கவளத்தை எழுந்து வந்து நானே வாங்கி உண்டேன். அது குவளைக்கு உரியது, அவளிடம் சொல்லிவிடுங்கள்.